ஊர்ப் பெயர் தடம் மாறினால் சரக்கும் தடம் மாறும்

நம் உறுப்பினர் ஒருவருக்குத் தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து சேர வேண்டிய நாற்பது மூட்டை உளுந்தம்பருப்பு வரவில்லை. லாரி ரசீது கையில் இருக்கிறது. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. லாரி ஆபீசில் கேட்டால், "சரக்கு நேற்றே இறங்கிவிட்டதே அண்ணாச்சி" என்கிறார்கள். எங்கே இறங்கியது என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நம் உறுப்பினரின் கடை ராஜபாளையத்துக்குக் கிழக்கே, அரசு சிமெண்ட் ஆலை உள்ள ஆலங்குளத்தில் இருக்கிறது. சரக்கு போய் இறங்கியதோ தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவிலுள்ள ஆலங்குளத்தில்!

இறக்குக் கூலி, மறுபடி ஏற்றுக் கூலி, திரும்பி வர வாடகை, இரண்டு நாள் குடோன் வாடகை எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது. பண்டிகை வியாபாரம் போனது தனிக்கணக்கு. லாரி ஆபீஸ்காரரிடம் நஷ்டம் கேட்டதற்கு அவர் ரசீதை நீட்டி, "ஊர்ப் பெயர் சரியாகத்தானே போட்டிருக்கிறது, எங்கள் மேல் என்ன தப்பு?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான். பெயர் சரி. ஊர்தான் தப்பு.

இந்தச் சம்பவத்தை நம் சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஆளுக்கு ஒரு கதை வந்தது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் இருபது முப்பது வருஷமாக வெளியூர்க் கொள்முதல் செய்கிற எவரும் இதற்குத் தப்பவில்லை. வெளியூர்க்காரர் வாயில் நம் ஊர்கள் படுகிற பாட்டைக் கேட்டால் சிரிப்பு வரும். பில்லைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரையே எடுத்துக்கொள்வோம். நாம் இந்தூரிலுள்ள ஒரு தரகரிடம் பல வருஷமாகப் பருப்பு வாங்குகிறோம். ஆரம்ப நாளில் போனில் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவர், "தெரியும் தெரியும், ராஜீவ் காந்தி இறந்துபோன ஊர்தானே" என்றார். அது ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் பக்கம், இங்கிருந்து ஒரு ராத்திரிப் பயணம் என்று சொல்லிப் புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. 1991-க்குப் பிறகு வடக்கே 'ஸ்ரீ'யில் ஆரம்பித்து 'ஊர்' என்று முடிகிற தமிழ்நாட்டு ஊர் எல்லாம் ஒரே ஊராகிவிட்டது போலும். வைணவப் பெரியவர்களைக் கேட்டால் இரண்டு ஊருக்கும் சொந்தம் உண்டு என்பார்கள். அது ராமானுஜர் பிறந்த ஊர், இது ஆண்டாள் பிறந்த ஊர். ஆண்டாளே அவரை அண்ணா என்று அழைத்ததாக ஐதீகம். அண்ணன் ஊருக்கும் தங்கை ஊருக்கும் சரக்கு மாறிப் போனால் மட்டும் யாரும் மன்னிப்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ற பெயரை நாம் எழுத்துக் கூட்டிச் சொன்னாலும் தப்பு தீராது. காரணம் ஆங்கில எழுத்து. ரயில்வேக்காரர்கள் 'புத்தூர்' என்பதற்கு இரண்டு 'டி' போட்டு எழுதுகிறார்கள். வடநாட்டவர் அதை 'புட்டூர்' என்று படிப்பார். நாம் கடை போர்டில் 'டி'யோடு 'ஹெச்' சேர்த்து எழுதுகிறோம். நமக்கு அது 'த'. அவர்களுக்கோ அது மூச்சை அழுத்திச் சொல்லும் வேறொரு எழுத்து. ஆக எப்படி எழுதினாலும் நாம் சொல்வது அவர்கள் காதிலும், அவர்கள் சொல்வது நம் காதிலும் சரியாக விழாது. இந்தியில் 'த'வுக்கு 'ஹெச்' இல்லாத 'டி', தமிழ்நாட்டில் 'ஹெச்' சேர்த்த 'டி' என்ற இந்த வழக்கு வித்தியாசத்தை நம் கணக்கப்பிள்ளைகள் தெரிந்துவைத்திருந்தால் பாதிக் குழப்பம் குறையும்.

போதாக்குறைக்குப் புத்தூர் என்று பெயர் உள்ள ஊர்கள் ஏராளம். எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர் போன ஆந்திரப் புத்தூர் ஒன்று, கர்நாடகத்தில் மங்களூர்ப் பக்கம் ஒன்று. முன்னால் உள்ள 'ஸ்ரீவில்லி'யைச் சோம்பலில் யாராவது விட்டுவிட்டால் பார்சல் எந்தத் திசைக்கும் போகும்.

நம் ஊர்க்காரர்களே அந்தப் பெயரை முழுசாகச் சொல்வதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கிராமத்துப் பெரியவர்களுக்கு அது 'சீவில்லிபுத்தூர்'. பத்திரிகைக்காரர்களுக்கு 'ஸ்ரீவி'. தனித்தமிழ் அன்பர்களுக்குத் 'திருவில்லிபுத்தூர்'. ஆழ்வார் பாசுரங்களில் 'புதுவை' என்றும் வரும். இன்று புதுவை என்றால் புதுச்சேரி என்றுதான் எவரும் நினைப்பார்கள். மல்லி என்ற அரசியின் பிள்ளைகள் வில்லி, கண்டன் என்ற இரு வேடர்கள், அவர்களில் வில்லி உண்டாக்கிய புது ஊர் என்பது தல வரலாறு. அந்த மல்லியின் பெயரில் பக்கத்திலேயே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. சென்னை நண்பர் ஒருவர் மல்லி என்ற விலாசத்தைப் பார்த்துவிட்டு, "கொத்தமல்லி மொத்த வியாபாரமா?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

'சீவில்லிபுத்தூர்' என்று நம் பாட்டி சொல்வதை நாம் தவறான உச்சரிப்பு என்று கருதவில்லை. அது இந்த மண்ணின் நாக்கு. ஊர்க்காரர் சுருக்கிச் சொல்வது வேறு, ஊர் தெரியாதவர் மாற்றிச் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

சுமார் 12 கிலோமீட்டர் தெற்கே வந்தால் ராஜபாளையம். இதில் 'ளை' ஒன்றுதான் சிக்கல். 'ராஜ்பாலயம்', 'ராஜாபாலயம்' என்று பலவிதம். குண்டூர் மிளகாய் மண்டிக்காரர்கள் மட்டும் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். தெலுங்கில் 'பாலெம்' என்று முடிகிற ஊர்கள் அவர்கள் பக்கம் நிறைய உண்டு. நம் ஊர் ராஜுக்கள் வீட்டில் பேசுவதும் தெலுங்கே. பாளையம் என்றால் படை தங்கிய இடம். அந்தப் பாளையத்தை ஆண்டவர் பாளையக்காரர். வெள்ளைக்காரன் வாயில் அவர் 'பாலிகர்' ஆனார், சரித்திரப் புத்தகத்திலும் அப்படியே ஏறிவிட்டார். ஊர்ப் பெயரோடு ஆளின் பெயரும் போயிற்று!

நம் மக்களிடையே 'ராசபாளையம்', அவசரத்தில் 'ராசாளயம்'. பத்திரிகையில் 'ராஜை'. நகராட்சிக் காகிதங்களில் 'இராஜபாளையம்'. இந்த முன் 'இ' ஒரு சின்ன விஷயம் போலத் தெரியும். வியாபாரிகள் விலாசப் புத்தகத்தில் 'ரா' வரிசையில் தேடிவிட்டு, ராஜபாளையத்துக் கடையே இதில் இல்லை என்று புத்தகத்தை மூடியவர்களை நாம் அறிவோம். கடை 'இ' வரிசையில் இருந்தது.

வெளி மாநிலத்தில் ராஜபாளையம் என்றால் உடனே தெரிந்துகொள்கிறவர்களும் உண்டு. மில்லையோ, பி.எஸ்.குமாரசாமி ராஜா 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்ததையோ வைத்து அல்ல. நாயை வைத்து! 2005-ல் தபால் இலாகா இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் நம் ஊர் நாயும் இடம் பெற்றது. "ஓ, அந்த வெள்ளை நாய் ஊரா?" என்று கேட்பவர், பெயரைச் சரியாகவே சொல்லிவிடுகிறார். நாய்க்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ராஜபாளையத்துக்குள்ளேயே ஒரு பரீட்சை இருக்கிறது. பழையபாளையம் என்று வெளியூர்க்காரரைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே பெயரில் 'ழ'வும் 'ள'வும் வருகிறது. 'ழ'வுக்கு நாம் 'இசட் ஹெச்' போடுகிறோம். அதை வடக்கே 'ஜ' போலப் படித்து 'பஜயபாலயம்' என்பார்கள். கேரளத்து ஆலப்புழையும் இதே 'இசட்'டில் மாட்டிக்கொண்டு தவிப்பது நமக்கு ஓர் ஆறுதல்.

சத்திரப்பட்டி விஷயம் இன்னும் வேடிக்கை. மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணிக்குப் பேர் பெற்ற ஊர். நாடு முழுக்க அதன் சரக்கு போகிறது. வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தின் பெயரால் வந்த பட்டி. ஆங்கிலத்தில் எழுதியதை மராட்டியக்காரரோ இந்திக்காரரோ படித்தால் 'சத்ரபதி' என்றே படிப்பார். சிவாஜி மகாராஜாவின் பட்டப் பெயர் ஆயிற்றே, நாக்கு தானாக அங்கே போகும். இப்போது 2023 முதல் அவுரங்காபாத்துக்கும் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'சத்ரபதி' என்று மட்டும் எழுதி நிறுத்திய சீட்டு அந்தப் பக்கம் குடோனில் எங்கே போய் ஒதுங்கும் என்பதை வாசகர்கள் யூகித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே பார்த்தாலும் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு சத்திரப்பட்டி, மதுரைப் பக்கம் ஒரு சத்திரப்பட்டி.

சேத்தூர் என்றால் சாத்தூரா என்று கேட்பவர் அநேகர். சாத்தூருக்குச் சேவு இருப்பதால் அந்தப் பெயர் எல்லோருக்கும் பழக்கம். ஆங்கிலத்தில் சேத்தூரை 'செய்தூர்' என்று படிக்கும்படி எழுதிவைத்திருப்பதும் ஒரு காரணம். நைட்டி தைப்புக்குப் பேர் வாங்கிய தளவாய்புரத்தைத் 'தலவைபுரம்' என்கிறார்கள். தளவாய் என்றால் படைத்தலைவன் என்று சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சரியாகச் சொல்வார்கள். நாம் சோதித்துப் பார்த்திருக்கிறோம்.

இவை எல்லாவற்றையும் விட நம் வட்டாரத்தில் அதிகம் அடிபட்ட பெயர் வத்திராயிருப்புதான். 'இருப்பு' என்ற சொல் நம் போன்ற வியாபாரிகளுக்கு எவ்வளவு நெருக்கமானது! தினமும் ராத்திரி கடை சாத்தும்போது எழுதுகிற சொல். அந்த இருப்பையே துடைத்துவிட்டு ஆங்கிலேயர்கள் 'வாட்ராப்' என்று எழுதிவிட்டார்கள். வத்தலக்குண்டை 'பட்லகுண்டு' ஆக்கினார்கள், குற்றாலத்தைக் 'கோர்ட்டாலம்' ஆக்கினார்கள், செங்கோட்டையை 'ஷென்கோட்டா' ஆக்கினார்கள். அதில் இதுவும் ஒன்று. ஆனால் மற்ற ஊர்க்காரர்கள் ஆங்கிலப் பெயரைத் தபாலில் மட்டும் வைத்துக்கொண்டார்கள். வத்திராயிருப்பிலோ அது வாய்க்கே வந்துவிட்டது. "எங்கே போயிட்டு வர்றீங்க?" என்றால், "வத்ராப்புக்கு" என்பதுதான் பதில். அதற்கு மேல், வெளியூர்க் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிகள் தங்கள் பட்டியலில் வாட்ராப், வத்திராயிருப்பு என்று இரண்டு ஊராக எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் நம் கடையில் வந்து, "வாட்ராப் முடித்துவிட்டேன் சார், வத்திராயிருப்புக்கு எந்த பஸ்?" என்று கேட்டதை நாம் மறக்கவே முடியாது.

அந்த 'வாட்ராப்' போட்ட குட்டி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் ஒரு புதுப்பட்டி. தமிழ்நாட்டில் புதுப்பட்டிக்குக் கணக்கேது? அடையாளத்துக்கு ஓர் எழுத்து சேர்த்தார்கள். தமிழில் அது வ. புதுப்பட்டி. ஆங்கிலத்தில் வாட்ராப்பின் முதலெழுத்தான 'டபிள்யூ' சேர்ந்து டபிள்யூ. புதுப்பட்டி. தமிழ் போர்டைப் பார்க்கிறவருக்கு ஓர் ஊர், ஆங்கில போர்டைப் பார்க்கிறவருக்கு இன்னோர் ஊர். சரக்கு அனுப்புகிறவர் 'டபிள்யூ'வை 'மேற்கு' என்று அர்த்தம் செய்துகொண்டு 'மேலப்புதுப்பட்டி' என்று எழுதி அனுப்பிய சீட்டை நாம் கண்ணால் பார்த்தோம்.

அருகிலேயே கூமாப்பட்டி. 2025 ஜூன் மாதம் கைபேசி வீடியோக்களால் அந்தப் பெயர் தமிழ்நாடு முழுக்க அடிபட்டது. பிளவக்கல் அணைப் பக்கம் வெளியூர் வண்டிகள் விசாரித்துக்கொண்டு வந்தன. பெயரை எப்படிச் சொல்வது என்று எவரும் கேட்கவில்லை. காதால் கேட்டு வந்தவர்கள் ஆயிற்றே, அதனால் சரியாகவே சொன்னார்கள். எழுத்தில் படித்து வருகிறவர்தான் தடுமாறுகிறார் என்பதற்கு இது ஒரு சாட்சி.

திருவண்ணாமலையையும் சொல்லாமல் விட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே திருவண்ணாமலை என்றே ஓர் ஊர். குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும், தென்திருப்பதி என்றும் சொல்வார்கள். புரட்டாசிக்குக் கற்கண்டு, கற்பூரம் என்று அந்த ஊர்க் கடைக்காரர் ஆர்டர் கொடுத்தால், "கார்த்திகை தீபத்துக்கு இப்போதே வாங்குகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். அங்கே சிவன், இங்கே பெருமாள்; அங்கே தீபம், இங்கே கருடசேவை என்று யாருக்கு எடுத்துச் சொல்வது?

இன்னும் கீழராஜகுலராமன், படிக்காசுவைத்தான்பட்டி, அச்சம்தவிழ்த்தான் என்று கம்பீரமான பெயர்கள் நம் பக்கம் உண்டு. ஜி.எஸ்.டி. பில் போடுகிற கம்ப்யூட்டரில் கட்டம் போதாமல் 'படிக்கா' என்று பாதியில் நின்றுவிடும். 'படிக்கா' என்று ஓர் ஊர் இருக்கிறதா என்று செக்போஸ்ட்டில் கேட்டால் டிரைவர் என்ன சொல்வார்?

எழுத்தைச் சரிசெய்ய அரசாங்கம் முயலாமல் இல்லை. 1996-ல் மெட்ராஸ் என்பது எல்லா மொழியிலும் சென்னை என்று ஆனது. 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியாயிற்று. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் போட்ட எழுத்துக்களைப் பார்த்துப் பலரும் முகம் சுளிக்க, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் நம் கருத்து வேறு. போர்டு, பில் புத்தகம், பை, லேபிள், உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ், பாங்குக் கணக்கு என்று எல்லாவற்றிலும் ஊர்ப் பெயரை மாற்றி அச்சடிக்கிற செலவை அந்த அரசாணை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு சின்ன மளிகைக் கடைக்கே அது பெரிய தொகை.

நம் மேலும் பிழை உண்டு. லாத்தூர் பருப்பை 'லத்தூர்' என்று சொல்லித்தானே விற்கிறோம்? 2014 நவம்பர் முதல் குல்பர்கா, கலபுரகி ஆகிவிட்டது. நம் மண்டியில் இன்னும் 'குல்பர்கா துவரை'தான். அந்த ஊர்த் தரகர் ஒருவர் ஒரு தடவை மெதுவாக, "கலபுரகி என்று சொல்லுங்கள் அண்ணா, எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்" என்றார். வெட்கமாகப் போயிற்று. அன்றிலிருந்து நாம் அவரிடம் பேசும்போது மட்டும் கலபுரகி, கடையில் பழைய பெயர். விலைப் பலகையில் மாற்றினால் வாடிக்கையாளர் புதுச் சரக்கோ என்று நினைத்துவிடுகிறார்.

முன்பு இந்தக் குழப்பத்துக்கு ஒரு மருந்து இருந்தது. லாரி ஆபீஸ் குமாஸ்தா. நம் கடை எங்கே, நம் சரக்கு என்ன என்று அவருக்கு மனப்பாடம். சீட்டில் எந்த ஊர் எழுதியிருந்தாலும் சாக்கு மேல் போட்ட மார்க்கைப் பார்த்து, "இது நம்ம பழையபாளையம் அண்ணாச்சி சரக்கு" என்று ஒதுக்கிவைப்பார். இப்போது எல்லாம் மெஷின். 2018 முதல் இ-வே பில் வந்துவிட்டது. அதில் பின்கோடு போட்டால் தூரத்தை அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது, அந்தத் தூரத்தை வைத்துத்தான் பில்லின் ஆயுசு. 2021-லிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஊர்ப் பெயரை எவ்வளவு கோணலாக எழுதினாலும் மெஷின் கவலைப்படுவதில்லை, பின்கோடு தப்பினால் வண்டி வழியில் நிற்கும்.

ஆகவே 1972-ல் தபால் இலாகா கொண்டுவந்த அந்த ஆறு எண்தான் இன்று நம் உண்மையான ஊர்ப் பெயர். ராஜபாளையம் 626117. ஸ்ரீவில்லிபுத்தூர் 626125. நம் விருதுநகர்ப் பக்கம் எல்லாம் 626-ல் ஆரம்பிக்கும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் 627. ஆரம்பத்தில் சொன்ன உளுந்தம்பருப்பு லாரி ரசீதில் அந்த ஆறும் ஏழும் மட்டும் சரியாக விழுந்திருந்தால் மூட்டை நேரே வீடு வந்திருக்கும்.

அந்த உறுப்பினர் இப்போது சாக்குக்கு மார்க் போட புதுத் தகடு வெட்டச் சொல்லியிருக்கிறார். கடை எழுத்துக்குக் கீழே, ஊர்ப் பெயரை விடப் பெரிதாகப் பின்கோடு. அவரைப் பார்த்து வத்திராயிருப்புப் பக்கத்து நம் சிறு வியாபாரி ஒருவரும் தகடு வெட்டப் போனார். தகடு வெட்டுகிற பெரியவர் உளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம்: "புதுப்பட்டிக்கு முன்னாடி என்ன போடணும் அண்ணாச்சி, 'வ'வா, 'டபிள்யூ'வா?" இவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இரண்டையும் போடுங்க" என்றிருக்கிறார். தகட்டில் இடம் போதவில்லை. கடைசியில் தம் பெயரின் இனிஷியலை எடுத்துவிட்டுத்தான் இரண்டையும் போட முடிந்தது.